ஜப்பானில் பள்ளிக்குப் போகும் பிள்ளையைச் சைவமாக வளர்க்க முடியுமா?

கேள்வி: 2018 ஜனவரி 20

மார்ச்சில் குடும்பத்தோடு டோக்கியோ வருகிறோம். மகளுக்கு ஆறு வயது, ஏப்ரலில் அங்கே அரசுப் பள்ளியில் முதல் வகுப்பு. நாங்கள் முட்டையும் சேர்க்காத சைவம். பால், தயிர் உண்டு. “பள்ளியில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சாப்பாடு, சைவமெல்லாம் அங்கே நடக்காது. பள்ளியில் கொடுப்பதைச் சாப்பிடட்டும், வீட்டில் உங்கள் இஷ்டம்” என்று கணவரின் அலுவலக நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா? அங்கே பிள்ளை வளர்க்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில்: 2018 ஜனவரி 20, இரவு

நடக்கும். என் மகள் இங்கே அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. முதல் நாளிலிருந்து வீட்டு டப்பாதான். நாங்கள் இருப்பது நிஷிகசாய் பக்கம். இந்தியக் குடும்பங்கள் நிறைய உள்ள இடம், ஆனாலும் அவள் வகுப்பில் சைவம் சாப்பிடுகிற பிள்ளை அவள் ஒருத்திதான்.

கோழி, மாடு, பன்றி எல்லாம் கண்ணுக்குத் தெரியும், விலக்கிவிடலாம். கண்ணுக்குத் தெரியாதது தாஷி. நாம் பருப்புத் தண்ணீரில் ரசம் வைப்பதுபோல இவர்கள் எதையும் தாஷியில் வைப்பார்கள். மிசோ என்ற சோயா விழுதில் வைக்கும் சூப், உதோன் நூடுல்ஸ், அவித்த கத்திரிக்காய், கீரை, எல்லாவற்றிலும் அது இருக்கும். பெரும்பாலும் கட்சுவோபுஷியில் எடுப்பது. சூரை மீனை அவித்து, புகைபோட்டு, கட்டையாகக் காயவைத்துச் சீவியது. என் கணவர் குமரிக் கடற்கரைக்காரர், மீன் சாப்பிட்டு வளர்ந்தவர். வந்த புதிதில் கடையில் அதைப் பார்த்ததும் “இது நம்ம ஊர் மாசியில்லா?” என்றார். மாசிக் கருவாடேதான். “இறைச்சி வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் இந்தத் தண்ணீரில் வெந்த காய்கறியை மனதாரக் கொடுப்பார்கள். அவர்கள் கணக்கில் அது காய்கறி.

முகவரி பதிந்த கையோடு பள்ளிக்குப் போய்ச் சாப்பாட்டுப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியரைப் பாருங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு மாற்று ஏற்பாடு வைத்திருப்பார்கள். சைவத்துக்கென்று தனியாகச் சமைப்பார்கள் என்று எதிர்பார்க்காமல், வீட்டு டப்பாவுக்கு அனுமதி கேளுங்கள். பள்ளிக்குப் பள்ளி மாறும். எங்களுக்குப் பால் மட்டும் பள்ளியிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். 200 மில்லி, தினமும்.

மாதம் பிறக்கும் முன்பே சாப்பாட்டு அட்டவணை வீட்டுக்கு வந்துவிடும். நான் அதைப் பார்த்து அதே மாதிரி செய்து அனுப்புகிறேன். அவர்களுக்குக் கறிச்சோறு என்றால் இவளுக்கு உருளைக்கிழங்குக் குழம்புச் சோறு. அவர்களுக்குப் பொரித்த கோழி என்றால் இவளுக்குச் சோயாவில் அதே உருவம். பக்கத்துத் தட்டும் இவள் டப்பாவும் ஒன்றுபோலத் தெரிந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பிரெட், பிஸ்கட்டில் பயமில்லை.

2018 ஜனவரி 23

பிரெட்டில் பயமில்லை என்று எழுதியது தவறு. நேற்று கடையில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். சில வகையில் லார்டு, அதாவது பன்றிக் கொழுப்பு இருக்கிறது. நான் இவ்வளவு நாள் வாங்கிய வகையில் இல்லை, அதனால் எல்லாவற்றையும் அப்படியே நினைத்துவிட்டேன்.

இன்னும் சில: கட்டியாக விற்கும் கறி மசாலாவில் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ உண்டு. உருளைக்கிழங்கு வறுவலில் கோழிச்சாறு. கம்மி மிட்டாயிலும் மார்ஷ்மெல்லோவிலும் ஜெலட்டின், விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுப்பது. நாத்தோ என்ற புளிக்கவைத்த சோயாப் பயறு முழுச் சைவம், ஆனால் அந்தப் பெட்டிக்குள் வைத்திருக்கும் குட்டிச் சாஸ் பொட்டலத்தில் மீன்சாறு இருக்கும். அதைத் தூக்கி எறிந்துவிட்டு நம் இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் விட்டுப் பிசையுங்கள்.

மாடு, பன்றி, கோழி, மீன், கொழுப்பு, சாறு. இந்த ஆறு சொல்லின் எழுத்தைப் பார்த்தவுடன் அடையாளம் தெரிகிற அளவுக்குப் பழகினால் போதும். என் மகள் பள்ளியில் எழுத்துப் படிக்கும் முன்பே கடையில் இவற்றைப் படித்துவிட்டாள்.

2018 பிப்ரவரி 4

நேற்று செத்சுபுன். வறுத்த சோயாப் பயற்றை எறிந்து பேயை விரட்டும் நாள். வயசுக்கு எத்தனையோ அத்தனை பயறு சாப்பிட வேண்டும். மகள் வகுப்பில் எட்டு எண்ணிச் சாப்பிட்டிருக்கிறாள். “எல்லாரும் சாப்பிட்டதையே நானும் சாப்பிட்டேன்” என்று வீட்டுக்கு வந்து மூன்று தடவை சொன்னாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

2018 ஜூன் 17

இதை எழுத ஒரு வாரம் யோசித்தேன்.

வகுப்பாசிரியர் கூப்பிட்டுவிட்டார். அன்றைய சாப்பாடு மிசோவில் வெந்த கானாங்கெளுத்தி. என் மகள் பக்கத்து மேசைப் பையனின் தட்டைப் பார்த்து “குசாய்” என்று சொல்லியிருக்கிறாள். நாறுகிறது என்று அர்த்தம். அவன் சாப்பிடாமல் வைத்துவிட்டான். மீன் அவனுக்கு மிகப் பிடிக்குமாம்.

ஆசிரியர் கோபப்படவில்லை. சாப்பிடும் முன் எல்லாரும் கைகூப்பி “இத்தாதாகிமாஸ்” என்று சொல்கிறோமே, அது அந்த மீனின் உயிருக்கும் பிடித்தவர் கைக்கும் சமைத்தவர் கைக்கும் சொல்கிற நன்றி, உங்கள் மகளும் அதைச் சொல்லித்தான் டப்பாவைத் திறக்கிறாள் என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

அவள் எங்கே கற்றாள்? என்னிடம்தான். கடையில் மீன் பக்கம் போனால் துப்பட்டாவால் மூக்கை மூடுகிறவள் நான். எங்கள் திருநெல்வேலி வீட்டில் “சுத்த சைவம்” என்றுதான் சொல்லுவோம். அப்படியானால் மற்றவர்கள்? அந்தச் சொல்லின் மறுபாதியை நான் யோசித்ததே இல்லை. “சைவர்களுக்கு மட்டும் வாடகைக்கு” என்று நம் ஊரில் பலகை தொங்குவதன் பின்னால் உணவு மட்டுமா இருக்கிறது? யாரை வீட்டுக்குள் விடக்கூடாது என்பதைச் சோற்றின் பெயரில் சொல்கிறோம். என் கல்யாணத்தின்போது என் வீட்டுப் பெரியவர்கள் என் கணவர் வீட்டில் தண்ணீர் குடிக்கவே தயங்கினார்கள். அன்று என் மாமியார் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அதே மாமியார் நான் போகும்போதெல்லாம் எனக்கென்று தனியாக ஒரு பானை எடுத்து வைத்துச் சமைக்கிறார், பதினொரு வருடமாக.

என் ஆச்சி வடலூர் வழியில் வந்தவள். 1867இல் வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது என்று சொல்லிச் சொல்லித்தான் எங்களுக்குச் சோறு ஊட்டுவாள். அவள் வாயில் சுத்தம் என்ற பேச்சே வந்ததில்லை. உயிர், பசி, இந்த இரண்டும்தான். நான் ஆச்சியின் சைவத்தை விட்டுவிட்டு ஊரின் சைவத்தைப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் மகள் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டாள். எங்கள் வீட்டில் இனி “சுத்தம்” என்ற சொல்லும் “சீ” என்ற சொல்லும் சாப்பாட்டைப் பற்றிக் கிடையாது. கடையில் நான் மூக்கை மூடுவதையும் விட்டுவிட்டேன். முதல் சில நாள் கஷ்டமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

2018 ஜூன் 19

“மூக்கை மூடுவது இயல்புதானே, அதற்கு இவ்வளவு குற்ற உணர்ச்சியா” என்று கேட்டவருக்கு: மூக்கு மூடுவது இயல்பாக இருக்கலாம். எட்டு வயசுப் பையன் தனக்குப் பிடித்த மீனைச் சாப்பிடாமல் பசியோடு வீட்டுக்குப் போனானே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

2018 நவம்பர் 11

சத்து பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். அப்போது பெருமையாக “ஒரு குறையும் இல்லை” என்று சொல்லிவிட்டேன். இப்போது சொல்கிறேன், குறை இருந்தது.

கோடை விடுமுறை முடிந்ததிலிருந்து மகள் இரண்டு மாடி ஏறினாலே சோர்ந்துபோனாள். குழந்தை மருத்துவர் இரத்தம் பார்த்தார். ஹீமோகுளோபின் எல்லைக்கோட்டில், ஃபெரிட்டின், அதாவது உடம்பு சேர்த்துவைத்த இரும்பின் அளவு, குறைவு. இறைச்சி கொடு என்று சொல்வார் என்று நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு வாரச் சாப்பாட்டை எழுதி வரச் சொன்னார். எழுதியபோது எனக்கே தெரிந்தது. சைவம் என்ற பெயரில் நான் கொடுத்தது சோறும் பாலும்தான். பள்ளியில் ஒரு பால், வீட்டில் இரண்டு டம்ளர், காலை இட்லியோடு டீ வேறு. பால் வயிற்றை நிரப்பிப் பயறு, கீரைக்கு இடமில்லாமல் செய்கிறது. சுண்ணாம்புச்சத்தும் டீயின் துவர்ப்பும் பயறு, கீரையிலிருந்து வரும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கின்றன.

இரும்புச்சத்து மருந்து மூன்று மாதத்துக்கு. டீ நின்றுவிட்டது. பால் சாப்பாட்டோடு இல்லை, தனியாக. பருப்பு, கீரை, நாத்தோ எதுவானாலும் மேலே எலுமிச்சை பிழிகிறேன். வைட்டமின் சி கூட இருந்தால் அந்த இரும்பு நன்றாகச் சேரும். நாத்தோ ஒரு பெட்டி 50 கிராம், அதில் ஏறக்குறைய 8 கிராம் புரதம். கோயா டோஃபு என்று காய்ந்த டோஃபு உண்டு, எடையில் பாதி புரதம். தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குழம்பில் போட்டால் பஞ்சுபோலக் குழம்பை இழுத்துக்கொள்ளும். வறுத்த சோயா மாவை வெல்லப்பாகில் எள்ளோடு உருண்டை பிடித்துவைக்கிறேன், தினமும் ஒன்று. சின்ன வயிறு சீக்கிரம் நிறைந்துவிடும் என்பதால் நெய், நிலக்கடலை, நல்லெண்ணெய்க்குக் கஞ்சம் பார்ப்பதில்லை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஹிஜிக்கி என்ற கறுப்புக் கடற்பாசியில் இரும்பு கொட்டிக் கிடக்கிறது என்று இங்கே காலம் காலமாக நம்பினார்கள். 2015இல் உணவு அட்டவணையைத் திருத்தியபோது, எவர்சில்வர் பாத்திரத்தில் அவித்துக் காயவைத்த ஹிஜிக்கியில் 100 கிராமுக்கு 6.2 மில்லிகிராம்தான் என்று தெரிந்தது, பழைய கணக்கில் ஒன்பதில் ஒரு பங்கு. இரும்பு வந்தது பாசியிலிருந்து அல்ல, அவித்த இரும்புப் பானையிலிருந்து! இதைப் படித்த அன்றே அம்மாவிடம் சொல்லி ஊரிலிருந்து இரும்புச் சட்டி வரவழைத்துவிட்டேன். புளிக்குழம்பு இப்போது அதில்தான். (ஹிஜிக்கியில் ஆர்சனிக் இருப்பதால் பிரிட்டனில் சாப்பிட வேண்டாம் என்று அரசே சொல்கிறது. நானும் வாங்குவதில்லை.)

பி12 மாத்திரை வேண்டுமா என்று கேட்டவருக்கு: நான்கிலிருந்து எட்டு வயதுவரை நாளுக்கு 1.2 மைக்ரோகிராம் போதும். ஒரு டம்ளர் பாலிலேயே அதில் பாதியாவது கிடைக்கும், கூடத் தயிர். பால், தயிரும் விட்டவர்கள் மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ கட்டாயம் கொடுக்க வேண்டும். இதில் தயங்காதீர்கள், குறைந்தால் நரம்பைப் பாதிக்கும்.

2019 ஆகஸ்ட் 18

கோயாசான் போய் வந்தோம். கூக்காய் என்ற துறவி 816இல் மன்னரிடம் இடம் பெற்று அமைத்த மலை மடம். கோயில்களிலேயே தங்கலாம், இரவும் காலையும் ஷோஜின் என்ற மடத்துச் சாப்பாடு. இறைச்சி, மீன் இரண்டும் கிடையாது. தாஷிகூடக் கொம்பு என்ற கடற்பாசியிலும் காய்ந்த ஷீட்டாக்கே காளானிலும் எடுத்தது. நான் மேலே எழுதிய கோயா டோஃபுவுக்குப் பெயர் வந்ததே இந்த மலையால்தான். குளிரில் டோஃபு உறைந்துபோய்ப் பிறந்ததாம்.

மகள் முதல் தடவையாக ஜப்பானியச் சாப்பாட்டை எதுவும் கேட்காமல், யாரையும் பார்க்காமல், கிண்ணம் கிண்ணமாகக் காலிசெய்தாள். எள்ளில் செய்த டோஃபுவை மட்டும் இரண்டாம் தடவை கேட்டாள்.

எங்களை அங்கே போகச் சொன்னவர் பக்கத்து வீட்டுப் பாட்டி. அவர் சொல்லித்தான் தெரியும், இந்த நாட்டிலேயே 675இல் தென்மு மன்னர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி தின்னத் தடை போட்டார் என்று. அப்புறம் பல நூற்றாண்டு இறைச்சி ஒதுங்கியே இருந்தது. ஒளித்துத் தின்றவர்கள் உண்டு, மீனுக்குத் தடையே இல்லை. 1872இல் மெய்ஜி மன்னர் தாம் இறைச்சி சாப்பிட்டதை ஊரறியச் சொன்ன பிறகுதான் அது நாகரிகச் சாப்பாடு ஆனது. “உன் சாப்பாடு வெளிநாட்டுச் சாப்பாடு இல்லை, எங்கள் பழைய சாப்பாடு” என்று பாட்டி என் மகளிடம் சொன்னார். நான் மூன்று வருடமாகச் சொன்ன எதுவும் அவளுக்கு அவ்வளவு தெம்பு தரவில்லை.

கூடவே ஒன்று: இங்கே கான்தென் என்று விற்பது நம் சைனா கிராஸ்தான். ஜெலட்டின் மிட்டாய்க்கு அழும் பிள்ளைகளுக்கு ஆரஞ்சுச் சாற்றில் காய்ச்சி ஊற்றிக் கொடுங்கள்.

2019 டிசம்பர் 26

இங்கே கிறிஸ்துமஸ் என்றாலே பொரித்த கோழி. தோழி வீட்டு விருந்தில் மகள் சாப்பிட்டுவிட்டாள். வந்து அவளேதான் சொன்னாள். “அம்மா, கோழின்னு தெரிஞ்சுதான் எடுத்தேன். நல்லா இருந்துச்சு.”

நான் ஒன்றும் சொல்லாமல் குளியலறைக்குள் போய் அழுதேன். அவள் கதவுக்கு வெளியே நின்றிருந்தாள். அது இன்னும் தப்பு, பத்து வயசுப் பிள்ளையை அப்படி நிற்க வைத்தது.

இரவு கணவர் கேட்டார்: “நான் மீன் சாப்பிட்டு வளர்ந்தேன். இப்பவும் ஊருக்குப் போனா எங்கம்மா கையால சாப்பிடுறேன். என்னைப் பார்த்து நீ அழுறதில்லையே?” என்னிடம் பதில் இல்லை.

காலையில் அவளிடம் பேசினேன். உண்மையைச் சொன்னதற்கு நன்றி சொன்னேன். நான் ஏன் சாப்பிடுவதில்லை என்பதை ஆச்சி எனக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன். இந்த வீட்டு அடுப்பில் சைவம்தான், வெளியே உன் கை உன் முடிவு, ஆனால் ஒளித்துச் சாப்பிடாதே என்றேன்.

2019 டிசம்பர் 29

“இது கைகழுவுவது, பிள்ளைக்கு நல்லதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது தாய்தானே” என்று எழுதியவருக்கு: பத்து வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், இனியும் சொல்வேன். நான் பார்க்கிறேன் என்ற பயத்தில் அவள் விட்டால், நான் பார்க்காத இடத்தில் சாப்பிடுவாள். உயிர்மேல் இரக்கம் வந்து விட்டால்தான் அது அவளுடையது. இரக்கத்தை நான் ஊட்டிவிட முடியாது, சோறுதான் ஊட்டலாம்.

2020 அக்டோபர் 4

தொற்று வந்ததிலிருந்து பள்ளியில் பேசாமல் சாப்பிட வேண்டும். மேசைகளைச் சேர்த்துப் போடுவது இல்லை, எல்லாரும் முன்னால் பார்த்தபடி. பிள்ளைகளுக்கு எவ்வளவு ஏக்கமாக இருக்கும் என்று நான் வருத்தப்பட்டேன். மகள் சொன்னாள்: “எனக்கு நிம்மதியா இருக்கும்மா. யாரும் என் டப்பாவைப் பத்திக் கேக்கறதில்லை.”

அப்புறம்தான் எல்லாம் வந்தது. 2018இல் நான் இங்கே முதல் பதிவில் எழுதிய யோசனை, பள்ளிச் சாப்பாடு மாதிரியே செய்து அனுப்புங்கள் என்றது, அதை அவள் ஆரம்பத்திலிருந்தே வெறுத்திருக்கிறாள். சோயாவில் கோழி உருவம் செய்து அனுப்பினால் “அது இறைச்சியா? இல்லையா? அப்புறம் ஏன் இறைச்சி மாதிரி இருக்கு?” என்று தினமும் கேள்வி. எலுமிச்சைச் சோறு கொண்டுபோன நாட்களில் ஒரே கேள்விதானாம், “ஏன் மஞ்சளா இருக்கு?” மஞ்சள்பொடி என்று சொன்னால் முடிந்துவிடும்.

நாலரை வருடம் விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து நான் செய்ததெல்லாம் அவளை ஒளித்துவைக்கும் வேலையாகத்தான் இருந்திருக்கிறது. அந்த யோசனையைப் பின்பற்றிய எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். பள்ளிச் சாப்பாட்டு அட்டவணையைக் குளிர்பெட்டிக் கதவிலிருந்து எடுத்துவிட்டேன். இந்த வாரம் எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. குளிரில் இட்லி கல்லாகிவிடும் என்று பயந்தேன். எண்ணெயும் பொடியும் நன்றாகத் தடவினால் பன்னிரண்டு மணிவரை மெத்தென்று இருக்கிறது.

2021 மார்ச் 7

முதல் கேள்வி கேட்ட சகோதரி எழுதியிருக்கிறார். அவர் மகள் பள்ளிச் சாப்பாட்டை முழுதாகச் சாப்பிடுகிறாள், வீட்டில் சைவம், பிள்ளை சந்தோஷமாக இருக்கிறாள், “உங்கள் பேச்சைக் கேட்கவில்லை என்று கோபமா அக்கா” என்று கேட்கிறார். கோபமே இல்லை. அந்த வயதில் பிள்ளை தனியாக உட்காராமல் சாப்பிட வேண்டும் என்று நீங்கள் நினைத்தீர்கள். நான் நினைத்தது வேறு. இரண்டு வீட்டிலும் பிள்ளைதான் நடுவில்.

2023 மே 14

மகள் நடுநிலைப் பள்ளியில் இரண்டாம் வருடம். போன வாரம் ஒரு தாளோடு வந்தாள். மாதத்தில் சில நாள் பள்ளிச் சாப்பாடு எடுத்துக்கொள்ள என் கையெழுத்து வேண்டும். அவளே யோசித்து வைத்திருந்தாள். இறைச்சி, மீன் துண்டு வேண்டாம், அதில் மாற்றமில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவள் தொடவும் இல்லை. ஆனால் தாஷி சாப்பிடுவாள். “எல்லாரும் ஒரே பானையிலேர்ந்து ஊத்திக்கிறதை நானும் ஊத்திக்கணும்மா.”

மாசிக் கருவாட்டுத் தண்ணீர். ஐந்து வருடம் முன்னால் இங்கே நான் முதலில் எச்சரித்தது அதைத்தான். இரண்டு நாள் அந்தத் தாளை மேசையில் வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தேன். எனக்கு இன்னும் சம்மதமில்லை, அதை அவளிடமும் சொன்னேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வியாழக்கிழமை பொரித்த டோஃபு போட்ட உதோன்.

2023 மே 19

எப்படி இருந்தது என்று கேட்டவர்களுக்கு: சூடாக இருந்ததாம். பள்ளியில் சூடாக எதையாவது சாப்பிட்டது இதுதான் முதல் தடவை என்றாள். ஏழு வருடத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

கொம்புத் தாஷி அளவு கேட்டவருக்கு: ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கொம்பு 10 கிராம், உள்ளங்கை அகலம். ஷீட்டாக்கே மூன்று. இரவே ஊறப்போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில் மெல்லிய தீயில் ஏற்றி, கொதி வரும் முன் கொம்பை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வழவழப்பாகிவிடும். காளான் இன்னும் கொஞ்சம் கிடக்கலாம். எடுத்த கொம்பை நறுக்கி எள்ளோடு சோயா சாஸில் சுருள வதக்கினால் தயிர்ச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள நன்றாக இருக்கும். பக்கத்து வீட்டுப் பாட்டியின் கைப்பக்குவம் இது. சூடு தாங்கும் குடுவை ஒன்று வாங்கியிருக்கிறேன், திங்கட்கிழமையிலிருந்து டப்பாவோடு அதுவும் போகும்.